கன்னி மூலையின் எடை

மங்கையர்க்கரசி பத்தொன்பது வயதில் கேட்ட ஒரு சத்தம் அதற்குப் பிறகு அவளை விட்டுப் போகவே இல்லை. பேருந்து நிற்கும்போதும், மழை விடும்போதும், யாரோ எங்கோ தெருக் கூட்டும்போதும் அது திரும்ப வந்தது: சிமெண்டுத் தரையில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பைத் துடைப்பக் கட்டையால் ஓரமாகத் தள்ளுகிற சத்தம், சரக் என்று ஒருமுறை, கொஞ்சம் பொறுத்து, சுவரில் முட்டி நிற்கும்போது தட் என்று ஒருமுறை, அவ்வளவுதான்.

அவள் அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போயிருந்த காலம் அது. அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்கிற இயந்திரம் இரண்டே இரண்டு இருந்தன, அவற்றுக்குக் காத்திருந்தவர்கள் அறுபது பேர் இருந்தார்கள், அறுபது பேரும் முந்தின நாள் மாலையே வந்து வராந்தாவில் தங்கள் செருப்பைக் கழற்றி வரிசையில் விட்டுவிட்டு வெறுங்காலோடு போவார்கள், முதல் செருப்புக்கு முதல் படுக்கை என்பது யார் வைத்தது என்று தெரியாத சட்டம். காலை ஆறு மணிக்கு வார்டு உதவியாளர் வீராசாமி துடைப்பக் கட்டையோடு வந்து ஒவ்வொரு ஜோடியையும் காட்டி, "யாருது, யாருது, யாருது" என்று மூன்று தடவை கேட்பார். பதில் வராத செருப்பை ஓரமாகத் தள்ளுவார். பதில் ஏன் வரவில்லை என்று அந்த வராந்தாவில் யாரும் யாரையும் கேட்டதில்லை. ஒரு வியாழக்கிழமை விடியலில் அப்பா வீட்டிலேயே போய்ச் சேர்ந்துவிட, அவரை வெறுங்காலோடு அனுப்பக் கூடாது என்று ஏனோ தோன்றி, மங்கையர்க்கரசி முந்தின நாள் வைத்துவிட்டு வந்த செருப்பை எடுத்துவர ஓடினாள். வராந்தாத் திருப்பத்தில் அவள் கால் வைத்தபோது சத்தம் முன்னால் வந்தது, செருப்பு பின்னால் கண்ணில் பட்டது.

அதன் பிறகு அவள் படித்தாள், கணினி கற்றாள், பழைய மாமல்லபுரம் சாலையோரம் ஒரு பத்து மாடிக் கண்ணாடிக் கட்டடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள், இருபத்துநான்கு வருடம் அங்கேயே இருந்தாள். அலுவலகத்தில் அவள் பேர் மங்கை. முழுப் பேரைச் சொல்ல அங்கே எவருக்கும் நேரம் இல்லை.

அந்தக் கட்டடத்தில் மூவாயிரம் பேர் என்ன செய்தார்கள் என்று யாராவது கேட்டால், கேட்டவரைத்தான் எல்லோரும் பரிதாபமாகப் பார்ப்பார்கள். மூன்றாம் மாடியில் ஒரு குழு, தள்ளுபடி என்ற பொத்தானை லேசாக நடுங்கவைத்து, விரலைத் தானாக அங்கே இழுக்கிற வித்தையை இரண்டு வருடமாகச் செய்துகொண்டிருந்தது. ஐந்தாம் மாடியில் ஒரு குழு, வேண்டாம் என்கிற பொத்தானை யார் கண்ணிலும் படாதபடி சாம்பல் நிறத்துக்குக் கீழே ஒளித்துவைத்து, ஒளித்ததற்காகப் பரிசு வாங்கியது. ஏழாம் மாடியில், பிரியாணி கொண்டுபோகிற பையன் சிக்னலில் நின்ற நொடிகளைக் கூட்டி அவனுக்கே அனுப்பிவைத்தார்கள். எட்டாம் மாடியில், நாய்க்கும் பூனைக்கும் ராசிபலன் சொன்னார்கள். ஒன்பதாம் மாடியில், மற்ற மாடிக்காரர்கள் நாற்காலியில் இருக்கிறார்களா என்று பார்க்கிற மென்பொருளை எழுதினார்கள். பத்தாம் மாடியில், இவை எல்லாவற்றையும் பற்றி அறிக்கை தயாரிக்கும் மென்பொருளையும், அந்த அறிக்கைகள் எத்தனை என்று எண்ணுகிற மென்பொருளையும் எழுதினார்கள். எல்லோரும் களைத்துப்போய் வீடு திரும்பினார்கள், களைப்பை உழைப்பின் அத்தாட்சியாக வைத்துக்கொண்டார்கள். மங்கையும் அவர்களில் ஒருத்திதான். வேண்டாம் பொத்தானுக்கு அந்தச் சாம்பல் நிறத்தைத் தேர்ந்தெடுத்தவளே அவள்தான்.

ஆனால் அவள் மேசைக்கு அடியில் ஒரு பெட்டி இருந்தது.

பதினான்கு வருடத்துக்கு முன்னால், கம்பெனிக்கு நல்ல பேர் வேண்டுமென்று யாரோ மேலிடத்தில் ஆசைப்பட்டு, சமூகத்துக்கு ஏதாவது செய்யுங்கள் என்று சொன்னபோது, மங்கை ஆறு அரசு மருத்துவமனைகளுக்கு ஒரு சின்ன மென்பொருள் எழுதிக் கொடுத்தாள். குத்துவிளக்கு ஏற்றினார்கள், படம் எடுத்தார்கள், அடுத்த வாரமே மறந்துபோனார்கள். அவள் மறக்கவில்லை. தரைத்தளத்தில், தென்மேற்கே கன்னி மூலையில், துடைப்பங்கள் வைக்கிற அலமாரிக்குப் பக்கத்தில் இருந்த தன் மேசைக்குக் கீழே ஒரு பழைய கணினிப் பெட்டியில் அதை ஓடவிட்டு, "அணைக்காதீர்கள்" என்று கையால் எழுதி ஒட்டிவைத்தாள். ரத்தம் சுத்தம் செய்துகொள்ள வேண்டிய நானூற்றுப் பன்னிரண்டு பேரில் யாருக்குக் கடைசியாகச் செய்து எத்தனை நாள் ஆயிற்று, யார் உடம்பில் எவ்வளவு நீர் ஏறியிருக்கிறது, யார் ஊருக்கு முதல் பேருந்து எத்தனை மணிக்கு என்பதையெல்லாம் பார்த்து, அந்தப் பெட்டி முறை வகுத்து, ஒவ்வொருவர் கைபேசிக்கும் தமிழில் ஒரு செய்தி அனுப்பும். "வியாழன் காலை 10.30. படுக்கை 3. முன்கூட்டி வர வேண்டாம்." அந்தக் கடைசி வரிக்காகத்தான் மங்கை அந்த மென்பொருளையே எழுதினாள் என்பது வேறு யாருக்கும் தெரியாது.

ஐப்பசி மாதத் திங்கட்கிழமை ஒன்றில், காலை எட்டரை மணிக்கு, கட்டடம் தரையை விட்டு எழும்பியது.

பெரிய ஓசை ஒன்றும் இல்லை. எண்ணெயில் போட்ட பூரி எழும்புவதுபோல, அடியில் இருந்த மண்ணை உதிர்த்துவிட்டு, ஒரு பெருமூச்சோடு எழும்பி, ஓர் ஆள் உயரத்துக்கு வந்து நின்றது. தென்மேற்கு மூலை மட்டும் தரையோடு இருந்தது. எதிரே தள்ளுவண்டியில் டீ போட்டுக்கொண்டிருந்த ஜெயக்கொடிதான் முதலில் பார்த்தாள்.

"ஏகாம்பரண்ணே, லாரிய கொஞ்சம் பின்னால எடு. கட்டடம் தூக்குது," என்றாள், பால் பொங்குது என்று சொல்கிற குரலில்.

தண்ணீர் லாரி ஓட்டுகிற ஏகாம்பரம் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். முப்பத்தெட்டு வயது, நீலப் பட்டை வைத்த ரப்பர் செருப்பு, அறுந்த பட்டையில் ஓர் ஊக்கு. "தூக்கட்டும். இப்போ என் ஹோஸ் பத்தாதே, அதுக்கு யார் பதில் சொல்றது?" என்றார்.

ஏன் எழும்பியது என்று யாரும் மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ளவில்லை. "உள்ள கனமா என்ன இருக்கு, இத்தினி நாள் தரையில இருந்ததே பெருசு," என்று ஜெயக்கொடி சொன்னதைப் போக்குவரத்துக் காவலரும், இளநீர்க்காரரும், கட்டடத்தின் காவலாளிகளுமே ஒப்புக்கொண்டார்கள். செவ்வாய்க்கிழமைக்குள் கட்டடத்தின் அடியில் நாய்கள் படுக்க ஆரம்பித்தன. புதன்கிழமை வருவாய் ஆய்வாளர் வந்து, எழும்பிய கட்டடத்தின் நிழல் பக்கத்துப் புறம்போக்கில் விழுவது ஆக்கிரமிப்பில் சேருமா என்று நாடா பிடித்து அளந்துவிட்டு, நிழல் நகர்ந்துகொண்டே இருந்ததால் எழுதாமல் போனார். ஞாயிற்றுக்கிழமை குடும்பம் குடும்பமாக ஜனங்கள் பார்க்க வந்தார்கள், மிளகாய் பஜ்ஜிக்காரர் வந்தார், பலூன்காரர் வந்தார், யாரோ ஓர் அம்மாள் தரையோடு இருந்த மூலைக்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்து ஒரு கற்பூரமும் ஏற்றினாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் பாதியாயிற்று. அதற்கடுத்த வாரம் பஜ்ஜிக்காரர் மட்டும் வந்தார்.

ஆனால் முதல் நாளில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். எழும்பும்போது மின்கம்பி அறுந்து, பத்து மாடியும் இருண்டுபோய், சரிசெய்ய மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் பொத்தான்கள் நடுங்கவில்லை, நாய்களுக்கு ராசிபலன் வரவில்லை, அறிக்கைகளை யாரும் எண்ணவில்லை. மூவாயிரம் பேரும் சாலையோரத்தில் நின்று கைபேசியைப் பார்த்தபடி, உலகம் தங்களைத் தேடி அலறப்போகிறது என்று காத்திருந்தார்கள். மேலைநாட்டிலிருந்தோ பக்கத்துத் தெருவிலிருந்தோ ஒரு குரலும் வரவில்லை. மூன்று நாளில் ஒரே ஓர் அழைப்பு வந்தது; அது முதல் நாள் ஒன்பதே கால் மணிக்கு மங்கைக்கு வந்தது, பேசியது பாலாற்றங்கரை ஊர் ஆஸ்பத்திரியின் சிஸ்டர் ஆக்னஸ்.

"மங்கை, ஒன்பது மணிக்கு வர்ற லிஸ்ட் இன்னும் வரலயேம்மா. நாளைக்கு வரவேண்டிய ஆளுங்களுக்கு மெசேஜ் போகல. என்ன ஆச்சு?"

"கட்டடம் பறந்துடுச்சு சிஸ்டர்."

"சரி, அது இருக்கட்டும். லிஸ்ட்டு எப்போ வரும்?"

மங்கை கன்னி மூலைக் கதவு வழியாக உள்ளே போனாள். தரையோடு இருந்த ஒரே கதவு அது. ஜெயக்கொடியின் வண்டி விளக்குக்குத் தெருக்கம்பத்திலிருந்து வந்த வயரை உள்ளே இழுத்து, பெட்டிக்கு மின்சாரம் கொடுத்து, தன் கைபேசியை அதோடு சேர்த்து, அது விழித்துக்கொள்ளும்வரை சம்மணம் போட்டுத் தரையிலேயே உட்கார்ந்திருந்தாள். வயரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்ற ஏகாம்பரம், அதற்குள் அந்த மூலையும் இரண்டு விரற்கடை எழும்பி ஊசலாடுவதைப் பார்த்தார். உள்ளே பெட்டி கிர்ரென்று ஓட ஆரம்பித்ததும், மூலை தொம்மென்று தரையில் உட்கார்ந்ததையும் பார்த்தார்.

"மேடம், நீங்க எதையோ போட்டீங்க, கட்டடம் உட்காந்துச்சு. உள்ள என்ன, அம்மிக்கல்லு ஓடுதா?"

அவள் பதில் சொல்வதற்குள் அவர் சட்டைப் பையில் பொத்தான் கைபேசி கூவியது. எடுத்துப் படித்தார். படித்துவிட்டுப் பெட்டியைப் பார்த்தார், மறுபடி கைபேசியைப் பார்த்தார், பிறகு இடது சட்டைக் கையைச் சுருட்டி, முழங்கைக்குக் கீழே கயிறுபோல் புடைத்திருந்த நரம்பைக் காட்டினார்.

"தொட்டுப் பாருங்க. உள்ள வண்டு மாதிரி உர்ருங்கும். ரத்தம் சுத்தம் பண்ண இதுலதான் ஊசி போடுவாங்க, செவ்வா, சனி, வாரம் ரெண்டு தடவ. மூணு வருஷமா இந்த மெசேஜ் யாரு அனுப்பறா, கவர்மெண்டா, கடவுளான்னு யோசிச்சிருக்கேன். தொடப்பத்துக்குப் பக்கத்துல உக்காந்துகிட்டு நீங்க அனுப்பறீங்க!"

"பெட்டிதான் அனுப்புது."

"முன்கூட்டி வர வேண்டாம்னு ஒரு வரி வருது பாருங்க, அத படிச்சிட்டு நான் ஒரு ட்ரிப்பு சேத்து அடிப்பேன் மேடம். வேற எவனும் என்ன வராதேன்னு மரியாதையா சொன்னதில்ல."

மங்கை சிரித்தாள். அந்தக் கட்டடத்துக்குள் அவள் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

மின்சாரம் வந்து, வேலை தொடங்கியது. சாய்ந்த கட்டடத்தில் வாழ எல்லோரும் பழகிக்கொண்டார்கள். சக்கரம் வைத்த நாற்காலிகள் எல்லாம் மெதுவாகக் கன்னி மூலையை நோக்கி உருண்டன, மதியத்துக்குள் ஒவ்வொரு மாடியிலும் ஆட்கள் ஒருவர்மேல் ஒருவராக அந்த மூலையில் குவிந்தார்கள், அதனால் சாப்பாட்டுப் பையின் வாரால் நாற்காலியை மேசைக்காலில் கட்டிக்கொண்டார்கள். தட்டில் சாம்பார் ஒரே பக்கம் ஒதுங்கியதால் சோற்றை அந்தப் பக்கமே வைத்துக்கொண்டார்கள். கம்பெனியின் வாஸ்துக்காரர் வந்து பார்த்து, கன்னி மூலை கனமாக இருக்க வேண்டும், இங்கே கனமாகத்தான் இருக்கிறது, கையை வைத்துவிடாதீர்கள் என்றார். கழிப்பறைக் கண்ணாடியைக்கூட அவரைக் கேட்டு மாட்டியவர்கள், இந்த ஒருமுறை மட்டும், நாம் அறிவியல் நிறுவனம் அல்லவா என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினார்கள்.

ஏனென்றால் அவர்களுக்குக் கோளாறு பிடிபட்டுவிட்டிருந்தது. ஒவ்வொரு காலையும் வட்டமாக நின்று, நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், எனக்கு என்ன தடை என்று மூன்று வாக்கியம் சொல்கிற சடங்கு அங்கே உண்டு. அந்தச் சடங்கில் நாற்பது நாளாக எல்லோரும் சொன்ன தடை ஒன்றே, தரை சாய்கிறது. பத்தில் ஒன்பது பங்கு கட்டடம் எழும்பியிருக்கிறது, ஒரு பங்கு எழும்பவில்லை. ஆகவே எழும்பாததுதான் பிழை. "தென்மேற்கு மூலை மேலே வரவில்லை" என்று தலைப்பிட்டுப் புகார்ச்சீட்டு பதிந்தார்கள், அவசரம் என்று சிவப்பு வண்ணம் கொடுத்தார்கள், சாலையின் கண்காணிப்புக் கேமராவில் முதல் நாள் காட்சியைத் தேடி எடுத்து, பெட்டி ஓடியதும் மூலை உட்கார்ந்ததைக் கண்டுபிடித்துக் கைதட்டிக்கொண்டார்கள். பெட்டியை நகர்த்த எட்டுக் காவலாளிகள் வந்து மூச்சுப் பிடித்தார்கள். அது அசையவில்லை.

கட்டடத்துக்குத் தலைவர் ஶ்ரீவத்ஸன் மங்கையை அழைத்தார். அவருடைய நாற்காலி பட்டுக் கயிற்றால் கட்டப்பட்டிருந்தது.

"மங்கை, யு ஆர் எ வெரி சீனியர் பெர்சன். மூவாயிரம் பேர் சாய்ஞ்சு உட்காந்து வேலை பண்றாங்க. உங்க ஒரு பெட்டியால."

"சார், நானூத்திப் பன்னிரண்டு பேர் அந்தப் பெட்டியால உயிரோட இருக்காங்க."

"நோ நோ, நான் அத மறுக்கவே இல்ல. ரொம்ப நல்ல விஷயம். ரொம்ப டச்சிங். ஆனா பழைய டெக்னாலஜி பாருங்க. நம்ம பசங்க ரெண்டு வாரத்துல புதுசா எழுதிடுவாங்க. ஆப் வந்துடும். பேஷன்ட்டு நர்ஸுக்கு ஸ்டார் கூட கொடுக்கலாம்."

"நர்ஸுக்கு எதுக்கு சார் ஸ்டார்?"

ஶ்ரீவத்ஸன், குழந்தையைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தார்.

பசங்கள் எழுதினார்கள். தாடி வைத்த ஒருவன் அவள் மேசைக்கு வந்து, நாற்காலியோடு உருண்டு வந்து நின்று, திரையைக் காட்டினான். ஊதா நிறம், வட்டமான பொத்தான்கள், முறை கிடைத்தால் காகிதப் பூ தூவியது. யாருக்கு முதலில் முறை என்று அவள் கேட்டாள்.

"காலைல ஆறு மணிக்குத் திறக்கும் மேம். யார் முதல்ல டச் பண்றாங்களோ அவங்களுக்கு. சிம்பிள்."

"அது செருப்பு வரிசைப்பா."

"எது மேம்?"

அவள் சொன்னாள். வராந்தாவைச் சொன்னாள், வீராசாமியைச் சொன்னாள், யாருக்கு நாள் அதிகம் ஆயிற்றோ, யாருக்கு மூச்சு முட்டுகிறதோ அவர்களுக்குத்தான் முதலில் என்று பெட்டிக்குள் அவள் எழுதியிருந்ததை வரிவரியாகக் காட்டினாள், பலரிடம் இருப்பது பொத்தான் கைபேசி என்றும் சொன்னாள். அவன் கெட்டவன் இல்லை. முழுக்கக் கேட்டான், கேட்டு முகம் வாடினான், பிறகு, "இது ரொம்ப காம்ப்ளெக்ஸா இருக்கு மேம், அடுத்த வெர்ஷன்ல பாக்கலாம்," என்று சொல்லி, மேலே உருள முடியாமல், நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நடந்து போனான்.

அந்தப் பெட்டியை ஆஸ்பத்திரிக்கே கொடுத்துவிடுங்கள் என்று அவள் ஶ்ரீவத்ஸனிடம் கேட்டாள். ஆஸ்பத்திரியில் பிளக் இருக்கிறதா என்று அவர் கேட்டார். சிஸ்டர் ஆக்னஸ், தான் சாமி படத்து விளக்கைப் பிடுங்கிவிட்டு அந்தப் பிளக்கைக் கொடுப்பதாகச் சொன்னாள். ஆனால் பெட்டியின் முதுகில் கம்பெனியின் சொத்து எண் ஒட்டியிருந்தது. ஓட்டை நாற்காலியைக்கூட வெளியே விடாத கம்பெனி அது. சொத்து எண் ஒட்டிய பொருள் குப்பையாக மட்டும்தான் வெளியே போகலாம், குப்பையாவதற்கு முதலில் அதை அணைக்க வேண்டும், அணைத்த பிறகு உள்ளே இருப்பதை அழிக்க வேண்டும், அதுதான் விதி.

இரண்டு வாரம் என்றார்கள். எட்டாம் நாளே ஊதா நிறச் செயலியை ஆஸ்பத்திரிகளுக்குக் கொடுத்துவிட்டுப் பெட்டியை அணைத்தார்கள். அடுத்த திங்கட்கிழமை வெளிநாட்டிலிருந்து விருந்தாளிகள் வருவதாக இருந்தார்கள், அவர்கள் உருளக் கூடாது. வெள்ளிக்கிழமை எதையும் மாற்றக் கூடாது, மாற்றினால் சனியும் ஞாயிறும் பார்க்க ஆள் இருக்காது என்பது அந்த மூவாயிரம் பேரும் மனதார நம்புகிற ஒரே சாஸ்திரம். அதையும் அன்று மீறினார்கள். காலை எட்டரை மணிக்கு ஶ்ரீவத்ஸன் ரிப்பன் வெட்டுவதுபோலக் குனிந்து பெட்டியின் பொத்தானை அழுத்தினார். "அணைக்காதீர்கள்" என்ற காகிதம் அவர் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டது.

மங்கை அப்போது கன்னி மூலை வாசலில் நின்றிருந்தாள். கட்டடம் லேசாக முனகியது. அவள் கீழே கால் வைத்தாள். வாசற்படி அவள் குதிகாலைத் தடவிக்கொண்டு மேலே போயிற்று.

எல்லா மாடியும் சமமாயிற்று. உள்ளே கைதட்டினார்கள், கேக் வெட்டினார்கள், நாற்காலிகளை அவிழ்த்துவிட்டார்கள். கட்டடம் ஜெயக்கொடியின் டீக்கடையைத் தாண்டியது, தென்னை உயரம் தாண்டியது, செல்போன் கோபுரம் தாண்டியது, கிழக்கே திரும்பிக் கடலை நோக்கிப் போயிற்று. இளநீர்க்காரர் கையைக் கண்ணுக்கு மேலே வைத்துப் பார்த்துவிட்டு, வெயில் வந்துவிட்டது என்று தன் வண்டியை மரத்தடிக்கு நகர்த்தினார். மேலே இருந்தவர்களுக்கு ஒரு குறையும் இல்லை. சாப்பாடு கயிற்றில் ஏறியது, வார இறுதியில் கூடையில் இறங்கி வீட்டுக்கு வந்தார்கள், சம்பளம் வழக்கம்போல வந்தது, திங்கட்கிழமை விருந்தாளிகள் கூடையில் ஏறிப் போய், காட்சி பிரமாதம் என்றார்கள். பொத்தான்கள் முன்னைவிட நன்றாக நடுங்கின.

சனிக்கிழமை காலை ஏகாம்பரம் பேசினார்.

"மேடம், இன்னிக்கு என் முறை. நேத்து மெசேஜ் வரல. உங்க பெட்டி லீவா?"

"அணைச்சிட்டாங்க ஏகாம்பரம். நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க. சிஸ்டர்கிட்ட நான் சொல்றேன்."

"போனேன் மேடம். போன்ல பூப் போட்டவங்களதான் படுக்க வைக்கணும்னு மேல இருந்து உத்தரவாம். சிஸ்டர் அழுவுது. என் போன்ல பூவெல்லாம் வராது, டார்ச்சுதான் வரும்." சிரித்தார், சிரிப்பின் நடுவில் மூச்சு வாங்கினார். "பரவால்ல, செவ்வாக்கிழம பாத்துக்கலாம். கால் மட்டும் கொஞ்சம் வீங்கிருக்கு."

மங்கை அன்று கூடையில் ஏற முயன்றாள். அவள் அடையாள அட்டையும் பெட்டியோடு சேர்ந்து வெள்ளிக்கிழமையே காலாவதி ஆகியிருந்தது. ஶ்ரீவத்ஸனுக்கு ஏழு தடவை பேசினாள். எட்டாவது தடவை எடுத்தார், காற்றின் இரைச்சல் கேட்டது, புகார்ச்சீட்டு போடுங்கள் மங்கை, எல்லாம் முறைப்படி போகட்டும் என்றார். போட்டாள். அவசரம் என்று அவள் கொடுத்த சிவப்பு வண்ணத்தை யாரோ மேலிருந்து பச்சையாக மாற்றினார்கள். ஞாயிறு விடுமுறை. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு அவளே ஏகாம்பரத்துக்காகத் தன் கைபேசியில் தொட்டாள். ஆறு மணி பூஜ்ஜிய நிமிடத்துக்கெல்லாம் முறைகள் தீர்ந்திருந்தன, நகரத்தில் நல்ல கைபேசியும் தூங்காத பிள்ளைகளும் உள்ளவர்கள் தொட்டிருந்தார்கள், அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. மாலை சிஸ்டர் ஆக்னஸ் பேசினாள். உத்தரவு எப்படியானாலும் ஆகட்டும், ஓர் இயந்திரத்தை மட்டும் பூ வருகிற போன் இல்லாதவர்களுக்கு ஒதுக்கிவிட்டேன், நாளைக்கு முன்னால் வருகிறவர்களைப் படுக்க வைப்பேன் என்றாள். யார் முன்னால் வந்தது என்று எப்படித் தெரியும் என்று மங்கை கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை முதல் பேருந்தில் போனாள். மடியில் ஒரு நீள நோட்டு இருந்தது. நினைவில் இருந்தவரை பேர்களையும் நாட்களையும் எழுதியிருந்தாள், யாருக்கு முதலில் என்று சிஸ்டரோடு உட்கார்ந்து கையாலேயே வகுத்துவிடலாம் என்று இருந்தாள். பாலாற்றுப் பாலத்தில் பேருந்து ஏறியபோது கைபேசியில் பதில் வந்தது: "உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது. காரணம்: பயனாளி செயலியைப் பயன்படுத்தவில்லை. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம்?"

ஆஸ்பத்திரி வாசலில், வேப்ப மரத்தடியில், தண்ணீர் லாரி நின்றுகொண்டிருந்தது. ஏகாம்பரம் வந்துவிட்டார் என்று அவளுக்கு நிம்மதியாக இருந்தது. ஆறு மணி ஆகியிருந்தது. வராந்தாவில் திருப்பத்துக்கு அந்தப் பக்கம், அவள் பார்த்தே இராத ஒரு வார்டு உதவியாளரின் இளம் குரல், "யாருது, யாருது, யாருது" என்று கேட்டது. அந்தப் பையனுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. வரிசை இருந்தால் அந்தக் கேள்வி தானாக வந்துவிடும் போலிருக்கிறது.

சரக் என்றது. கொஞ்சம் பொறுத்து, தட் என்றது.

திருப்பத்தில் திரும்பியபோது வரிசையில் முப்பது ஜோடிக்கு மேல் இருந்தன. நான்காவது இடம் காலியாக இருந்தது. சுவரோரம், ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கிடந்த ஜோடியில் நீலப் பட்டை இருந்தது, பட்டையில் ஊக்கு இருந்தது. மங்கையர்க்கரசி குனிந்து அவற்றை எடுத்துக்கொண்டாள், நோட்டை அங்கேயே பெஞ்சில் வைத்தாள், வந்த வழியே லாரிக்கு நடந்தாள்.

ஏகாம்பரம் முந்தின நாள் மாலை ஐந்து மணிக்கே வந்து செருப்பை வரிசையில் வைத்துவிட்டு, லாரிக்குள் போய் ஸ்டியரிங்கில் தலை சாய்த்துப் படுத்தவர், அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை.